வெளிச் சாமான் என்று ஒதுக்கிய கல்

போன வாரம் பாத்திமா டெலிபோன் எடுத்தாள். எங்கள் பரிசோதனைச் சாலையில் என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை பார்த்தவள். இன்று அதற்கே பொறுப்பாக இருப்பவள். நிலக்கரிக் கப்பலில் சாம்பிள் எடுக்க இனி ஆள் போகத் தேவையில்லையாம். கரி ஓடிவரும் பெல்ட்டுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கை வந்து, அகப்பட்டதை அள்ளி, தானே நசுக்கி, டின்னில் நிரப்பித் தருமாம்.

"கல்லு வந்தா?" என்று கேட்டேன்.

"கல்லையும் சேத்துத்தான் சேர் நசுக்கும். அதுக்கு எது கல்லு, எது கரி எண்டு என்ன தெரியும்?"

"நல்லது" என்றேன்.

நான் எந்தக் கல்லை நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "அத எழுதித் தாங்க சேர். புதுசா வந்த புள்ளைகளுக்கு ஒரு மலர் போடுறோம். மத்தவங்க பிரியாவிடை, கிரிக்கெட் மெட்ச் எண்டு எழுதுவாங்க. நீங்க அந்தக் கல்லப் பத்தி எழுதுங்க" என்றாள்.

ஆகவே கல்லைப் பற்றி எழுதுகிறேன். மற்றவற்றைச் சுருக்கிவிடலாம், சுருக்கக்கூடியவைதான். பிறந்தது கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க். படிப்பு எனக்குப் பாதியில் நின்றது. கோட்டையில் இருந்த அந்தத் தனியார் பரிசோதனைச் சாலையில் போத்தல் கழுவத்தான் போனேன். போத்தல்களில் ஒட்டியிருந்த லேபல்களை வாசித்து வாசித்து எனக்கு இரசாயனம் வந்தது. ஆறு வருடத்தில் கழுவுகிற கை நிறுக்கிற கையாகிவிட்டது. இன்னொரு பழக்கமும் அங்கேதான் பிடித்தது. ஆட்கள் சொல்வதில் ரசமானது எதையாவது கேட்டால், அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். துறைமுக ஜெட்டியில் கரி இறக்குகிற ஒருவர் முதல் நாளே எனக்குப் பாடம் சொன்னார்: "தம்பி, கப்பல்ல வாறது கறுப்பா இருந்தா கரி, வெள்ளையா இருந்தா சீனி. இதுக்கு ஒரு ஒப்பீஸ் வேணுமா?" கொப்பியின் முதல் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது.

ஒப்பீஸ் வேண்டியிருந்தது, ஏனென்றால் கரியில் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சாம்பல் கூடினால் நெருப்புக் குறையும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் சான்றிதழைப் பார்த்துத்தான் ஆலைக்காரர் கரியைப் பொறுப்பெடுப்பார்கள். கப்பலிலிருந்து கரையேற்றும் பார்ஜ் படகிலிருந்து கூடை கூடையாக இறக்கும்போது, இத்தனை கூடைக்கு ஒரு சவள் என்று அள்ளி ஒரு பக்கம் குவிப்பேன். குவியலைக் கூம்பாக்கி, உச்சியைத் தட்டித் தட்டையாக்கி, கேக் வெட்டுவதுபோல நாலாகப் பிரிப்பேன். எதிர் எதிரான இரண்டு கூறுகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுவேன். மறுபடி கூம்பு, மறுபடி நாலு. ஒரு பார்ஜ் கரி இப்படிக் குறைந்து குறைந்து ஒரு சாக்காகும். சாக்கு நசுக்கு மெசினுக்குள் போய் ஒரு டின் தூளாகும். அந்தத் தூளில் ஒரு கிராமைப் பீங்கான் கிண்ணத்தில் நிறுத்து, சிவக்கச் சூடான அடுப்புக்குள் வைத்து எரித்து, ஆறவிட்டு, மிஞ்சியதை மறுபடி நிறுப்போம். அந்த மிச்சம்தான் கப்பலின் தலைவிதி.

நிறுக்கும் நேரம் என்றால் சிவகுரு சேர் தானே வந்து நிற்பார். அவர்தான் எங்கள் தலைமை இரசாயனர். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளவத்தையில் வீடு, காலை ரயிலில் வருவார். மழையோ வெயிலோ கையில் குடை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தராசு அறையின் ஜன்னலைச் சாத்துவார், கைக்குட்டையால் கதவின் கைபிடியைத் துடைப்பார், முள் அசைவு நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நான் அவசரப்பட்டுப் பேனையை எடுத்தால், "பேனையை வையும், தாசன். முதல்ல வடிவாப் பாரும்" என்பார். என்னை நீர், உமக்கு என்றுதான் கதைப்பார். அதில் பாதி மரியாதை, பாதி தூரம். கரி ஏஜெண்டுமார் நத்தாருக்கு அனுப்பும் கேக்கைப் பெட்டி பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை ஒரு பார்ஜ் கரி முழுவதையும் அவருடைய ஒரு கையெழுத்து திருப்பி அனுப்பியது. அன்றைக்கு ஏஜெண்ட் வந்து மேசையில் தட்டினான். சேர் அவன் தட்டிய இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இனி வரப்போவதை வாசித்து, அவர் சாதாரண ஒரு களவாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்களிடம் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. நசுக்கு மெசினின் இரும்புத் தாடை எப்போதோ ஒருமுறை வெடித்திருந்தது. புதுத் தாடை சீமையிலிருந்து வர மாதக்கணக்கு எடுத்ததாம். அதிலிருந்து, சாக்கை மெசினுக்குள் கொட்டுமுன் அதைப் பரப்பி, ஆணி, கயிறு, பலகைத் துண்டு, ஜெட்டிக் கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அதற்கு 'வெளிச் சாமான்' என்று பெயர். பொறுக்கியதை நிறுப்பதுமில்லை, எழுதுவதுமில்லை. வாளியில் போட்டு வெளியே கொட்டிவிடுவோம்.

ஒரு தென்மேற்கு மழைக்காலம். வந்த கப்பலில் புதுவிதமான கல் இருந்தது. இளஞ்சாம்பல் நிறம். இரண்டு விரல் தடிப்பு. மேலும் கீழும் ஓடு மாதிரித் தட்டை. உடைத்தால் விளிம்பு பீங்கான் கோப்பை உடைந்ததுபோல வழுவழுப்பாக இருக்கும். ஒரு சாக்குக்கு ஒரு வாளி தேறியது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மேல் முகத்திலும் கரி, கீழ் முகத்திலும் கரி; பாணுக்கு நடுவில் பட்டர் பூசினதுபோல. ஜெட்டிக் கல்லில் இப்படி இரண்டு பக்கமும் கரி ஒட்டியிருக்காது. சேரிடம் கொண்டுபோனேன்.

"சேர், இது கரிக்குள்ள இருந்து வந்த மாதிரிக் கிடக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உது கல்லெல்லோ?"

"ஓம் சேர், கல்லுத்தான். ஆனா..."

"கல்லெண்டா வெளிச் சாமான். தாடை வெடிச்சா ஆர் பதில் சொல்லுறது? எடுத்துப் போடும்."

எடுத்துப் போட்டேன். கையிலிருந்த துண்டை மட்டும் போடவில்லை. கனமாக, தட்டையாக, அழகாக இருந்தது. தராசு மேசையில் துண்டுத்தாள் பறக்காமல் இருக்க அதை வைத்துக்கொண்டேன். சான்றிதழ் போனது. நல்ல கரி, சாம்பல் குறைவு.

அந்தக் கரியை வாங்கியது களனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு நெசவு ஆலை. ஒரு மாதம் போகவில்லை, நீராவி ஏறுவதில்லை என்று முறைப்பாடு வந்தது. சேர் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

பொயிலர் வீட்டில் கரி அள்ளிப்போடும் வேலையில் இருந்தவர் வேலாயுதம். ஜிந்துப்பிட்டிக்காரர். முருகன் கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வீடு. தலையில் கட்டிய துவாயைத் தவிர உடம்பு முழுக்கக் கரி. என்னைக் கண்டதும் மற்றவர்களைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க பாருங்கடா! டீ கரண்டியால கரி எரிக்கிற ஐயா வந்துட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொப்பிக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"ஒரு கிராம் எரிச்சுப் பாத்துட்டு நல்ல கரின்னு எழுதிட்டீங்க" என்றார். "நான் நாள் முழுக்க எரிக்கிறேனே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? இது சரியில்லாத கரிங்க. அடுப்புத் தட்டு முழுக்க வெள்ளக் கல்லு நிக்குது. எரியவும் மாட்டேங்குது, விழவும் மாட்டேங்குது. மழைல நனைஞ்சு உள்ள போனா வெடிக்குது. தீவாளி மாதிரி."

சாம்பல் குழியிலிருந்து ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். வெந்து வெளுத்திருந்தது. ஆனால் எனக்குத் தெரியாதா? அதே தடிப்பு, அதே தட்டை. என் மேசையில் அதன் கூடப்பிறந்தது கிடக்கிறது.

அந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். "ஓம், இதே கல்லை நாங்களும் பொறுக்கி எடுத்தோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சான்றிதழ் எங்களுடையது. சுற்றி நிற்பவர்கள் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. வெளியே ஆலை முற்றத்தில் கொட்டிக் கிடந்த கரியைக் காட்டி, பதிலுக்கு ஒரு பகிடி விட்டேன்.

"கரி எங்க முடியுது, முத்தம் எங்க தொடங்குது எண்டு பாத்து அள்ளணும் அண்ணே. நீங்க ஆலை முத்தத்தையும் சேத்து அள்ளிப் போட்டிருக்கீங்க!"

முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. வேலாயுதமும் சிரித்து, "சரிதான், நாளைலருந்து கூட்டிட்டு அள்ளுறேன்" என்றார். வாசலில் நின்ற பொயிலர் மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். முற்பகல் வேளை. நெருப்பு அமர்ந்துபோக, வேலாயுதம் அடுப்புக் கதவைத் திறந்து நீளக் கம்பியால் தட்டைக் கிளறியிருக்கிறார். அப்போதுதான் உள்ளே போயிருந்த ஒரு ஈரக் கல் அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. வலது கண் அங்கேயே போய்விட்டது. இடது கண்ணைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள்; வெளிச்சம் எது, இருட்டு எது என்று சொல்லுமளவுக்கு அது மிஞ்சியது.

ஆலைக்காரர் விசாரணை வைத்தார்கள். அவர்களுடைய வாதம் எளிது. கரி சுத்தமானது, சான்றிதழ் இருக்கிறது. ஆகவே கல் முற்றத்திலிருந்து வந்தது. முற்றத்துக் கல்லைக் கவனமில்லாமல் அள்ளிப் போட்டவர் வேலாயுதம். ஆகவே குற்றமும் அவருடையது, நட்டஈடு கிடையாது. மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தில், கரிப் பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தரே இதைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார் என்று ஒரு வரி இருந்தது. என் பகிடி எச்சரிக்கையாகிவிட்டது.

விசாரணைக்குப் போகும் பஸ்ஸில் சேர் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும், தாசன். கேளாததுக்குச் சொல்லப்போய்க் குழப்ப வேண்டாம்."

பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன்.

ஆலையின் ஒப்பீஸ் அறை. வாசல் பெஞ்சில் வேலாயுதம், இரண்டு கண்ணுக்கும் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி செல்லம்மா. அவள் அழவில்லை, திட்டிக்கொண்டிருந்தாள். "பாத்து அள்ளுயா, பாத்து அள்ளுயான்னு அவங்களே சொன்னாங்களாமே. கேட்டியா நீ? கல்லும் மண்ணும் பாக்காம வாரிக் கொட்டிட்டு, இப்ப மூணு புள்ளைகளோட நான் எங்க போய் நிக்க?" அவர், "நா அள்ளிப் போடல புள்ள" என்றார். "ஆமா, கல்லு தானா நடந்து வந்துச்சு" என்றாள் அவள். நான் அவர்களைக் கடந்துதான் உள்ளே போனேன். அவருக்கு நான் போனது தெரியாது.

விசாரணை செய்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, எனக்கு விளங்கியது.

"உங்கள் சாம்பிளில் கல் இருந்ததா?"

எங்கள் புத்தகத்தின்படி சாம்பிள் என்றால் நசுக்கு மெசினுக்குள் போய் டின்னில் விழுவது. டின்னில் கல் இல்லை. பொறுக்கி எடுத்த பிறகு எப்படி இருக்கும்?

"நே, மஹத்தயா" என்றேன். இல்லை ஐயா. அவ்வளவுதான். பொறுக்கி எடுத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். ஒருவர் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவன் நான்.

திரும்பும்போது பஸ்ஸில் சேர் சொன்னார்: "நீர் பொய் சொல்லேல்லை."

"ஓம் சேர்."

அடுத்த திங்கட்கிழமை நசுக்கு மெசினுக்கு மேலே சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனிமேல் வெளிச் சாமானைத் தனியே நிறுத்துச் சான்றிதழில் குறிப்பிட வேண்டும். காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல விதிதான். வேலாயுதத்துக்கு அது ஒரு கப்பல் பிந்திவிட்டது.

அவருக்கு வேலை போனது, நட்டஈடு கிடைக்கவில்லை. செல்லம்மா இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள் என்று கேள்விப்பட்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு நடந்துபோக ஜிந்துப்பிட்டி வழிதான் கிட்ட. நான் சுற்றுவழியில் போய்வந்தேன். எத்தனை வருடம் என்றால், அந்தச் சுற்றுவழிதான் கிட்ட என்று என் பிள்ளைகள் நினைத்து வளருமளவுக்கு. பொயிலர்கள் எண்ணெய்க்கு மாறின. கரிக் கப்பல் நின்றது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் சேரின் வீடு எரிந்தது. அவர் குடும்பத்தோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போய், பிறகு வெளிநாடு போய், அங்கேயே காலமானார். கல் மட்டும் என் மேசையிலேயே இருந்தது. அதைத் தூக்கி எறிய எனக்குத் துணிவு வரவில்லை. எனக்குள் ஒரு மூலையில் ஒரு சாட்டு வைத்திருந்தேன்: சேர் படித்தவர், நான் போத்தல் கழுவியவன், அவர் வெளிக் கல் என்றால் வெளிக் கல்லாகவே இருக்கலாம். கரி இரண்டு பக்கமும் ஒட்டியிருந்ததை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில் கரிக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கின. அப்போதுதான் பாத்திமா வேலைக்கு வந்தாள். மாளிகாவத்தை மாடிவீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் மண்ணையும் பாறையையும் படித்தவள். முதல் வாரமே என் மேசையில் கிடந்த கல்லைக் கையில் எடுத்து, திருப்பி, விளிம்பை நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். நாக்கில் அது ஒட்டிக்கொண்டது.

"இது எங்கால சேர்?"

"பழைய கப்பல் ஒண்டில வந்தது. வெளிச் சாமான்."

"வெளிச் சாமானா? இது கரியோட பொறந்தது சேர்." அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். "கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி கரியெல்லாம் சதுப்புக் காடுதானே? மரம் செத்து விழுந்து சேறாக் கிடக்கிற நேரம் எங்கயோ ஒரு எரிமலை வெடிச்சிருக்கு. சாம்பல் மழை மாதிரி வந்து காடு முழுக்க விழுந்திருக்கு. அதுக்கு மேல திரும்பவும் காடு. கீழ உள்ளதும் கரி, மேல உள்ளதும் கரி, நடுவுல இந்தச் சாம்பல் களியா மாறி இறுகிப் போயிருக்கு. பீங்கான் செய்ற வெள்ளைக் களி இருக்குதானே, அந்த ஜாதி. ஒரே முறையில விழுந்ததால மைல் கணக்கா ஒரே தடிப்பில ஓடும். சுரங்கக்காரர் இதை வெச்சுத்தான் எந்தக் கரிப் படை எது எண்டு அடையாளம் பிடிப்பாங்க."

"அப்ப இதைச் சாம்பிள்லருந்து எடுக்கலாமா?"

அவள் சிரித்தாள். "எப்பிடிச் சேர் எடுக்கிறது? இது கரிப் படையில ஒரு பங்கு. எடுத்தா அது அந்தக் கரிக்குச் சான்றிதழ் இல்லையே, வேற ஏதோ கரிக்குத்தானே."

என் சாட்டு போய்விட்டது. சாம்பல் நிறுப்பதற்குச் சம்பளம் வாங்கியவன், கரிக்குள் இருந்த சாம்பலைப் பொறுக்கி வாளியில் போட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை, அவள் முழங்கை அளவு தூரத்தில் நின்று ஒரு நிமிடத்தில் தெரிந்ததாக்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், கல்லைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். ஒழுங்கையில் கேட்டதும் காட்டிவிட்டார்கள். "கல்லு வேலாயுதமா? அந்தா, பச்சைக் கதவு." அந்தப் பெயரோடுதான் அந்த மனிதர் அத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார்.

அவர் கதிரையில் இருந்தார். உள்ளே அடுப்படியில் செல்லம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு?"

"டீ கரண்டியால கரி எரிக்கிற ஆள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அட, ஐயாவா! ஒக்காருங்க, ஒக்காருங்க."

உட்காரவில்லை. கல்லை அவர் கையில் வைத்தேன். பெருவிரலால் மேல் முகத்தைத் தடவினார். கீழ் முகத்தைத் தடவினார். விளிம்பில் விரல் நின்றது.

"இது அதுங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எங்க கெடந்துச்சு?"

"என் மேசையில. அந்தக் கப்பல் கரியில எங்க சாம்பிள்ல இருந்தது. நாங்க பொறுக்கி எடுத்துட்டுத்தான் எரிச்சோம். கரிக்குள்ளயே இருந்த கல்லு அண்ணே. முத்தத்துக் கல்லு இல்ல."

"விசாரணைல ஒங்ககிட்டயும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கல்லு இல்ல எண்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அதற்கு ஆயத்தமாகவும் இருந்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. கல்லைப் பிடித்த கையை அடுப்படிப் பக்கம் நீட்டினார்.

"கேட்டியா புள்ள?" என்றார். "நா அள்ளிப் போடல."

செல்லம்மா திரும்பவில்லை. கையிலிருந்த அகப்பையை அவள் வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டியா?" என்றார் அவர் மறுபடியும்.